கிருமியைப் பிரித்தெடுத்த சிற்றூர் மருத்துவர்

நுண்ணுயிரியல் துறையில் சேரும் மாணவர் யாராக இருந்தாலும் முதல் பருவத்திலேயே கற்றுக்கொள்ளும் வேலை ஒன்று உண்டு. கம்பிவளையத்தைத் தீயில் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, வளர்ப்பில் ஒரு துளியைத் தொட்டு, அகார் தட்டின் மேல் கோடு கோடாக இழுக்க வேண்டும். மறுநாள் கோட்டின் கடைசியில் தனித்தனிப் புள்ளிகள் தெரிந்தால் வெற்றி. ஒவ்வொரு புள்ளியும் ஒரே வகைக் கிருமியின் கூட்டம். கொலனி என்று ஆய்வுக்கூடத்தில் சொல்வோம். நானும் இதை நூறு முறையாவது செய்திருப்பேன். கிருமிகளை இப்படித் தனித்தனியே பிரிக்கலாம் என்று உலகுக்குக் காட்டியவரைப் பற்றி எங்கள் பாடநூலில் அரைப் பக்கம்தான் இருக்கிறது. அவர்தான் ராபர்ட் கோக். அந்த அரைப் பக்கம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதலாம் என்று நினைத்தேன்.

நம் மாணவர்களில் பலர் மருத்துவம் கிடைக்காமல் இந்தத் துறைக்கு வருகிறார்கள் என்பதை நாம் அறிவோம். உறவினர் வீட்டு விசேஷங்களில் என்ன படிக்கிறாய் என்று கேட்பவர்கள், பதிலைக் கேட்டதும் படித்து முடித்து என்ன வேலைக்குப் போவாய் என்று அடுத்த கேள்வியைப் போடுவார்கள். கோக்கின் வாழ்க்கை அந்தக் கேள்விக்கு ஒரு பதில் தருகிறது. அந்தப் பதிலில் பெருமையும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது.

சுரங்க ஊரில் பிறந்தவர்

கோக் 1843ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில் உள்ள கிளவுஸ்தால் என்ற சுரங்க ஊரில் பிறந்தார். தந்தை சுரங்கத்துறை அதிகாரி. பிள்ளைகள் நிறைந்த குடும்பம். 1862இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலில் இயற்கை அறிவியல் படித்து, பிறகு மருத்துவத்துக்கு மாறினார்.

அங்கே உடற்கூறியல் கற்பித்தவர் யாக்கோப் ஹென்லே. தொற்றுநோய்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத உயிர்களே காரணமாக இருக்க வேண்டும் என்று 1840இலேயே எழுதியவர். ஆனால் அதை மெய்ப்பிக்க அன்று வழியில்லை. கெட்ட காற்றினால் நோய் வருகிறது என்றே பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள். ஆசிரியரால் மெய்ப்பிக்க முடியாமல் போனதை மெய்ப்பிப்பது பிற்காலத்தில் மாணவரின் வாழ்நாள் வேலையாயிற்று.

1866இல் பட்டம் பெற்றதும் ஹாம்பர்க் பொது மருத்துவமனையில் சில காலம் பணியாற்றினார். அப்போது அந்நகரில் காலரா பரவியிருந்தது. தூர தேசங்களுக்குப் பயணம் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. திருமணம், குழந்தை, பிழைப்பு என்று வாழ்க்கை வேறு திசையில் இழுத்தது. ஊர் ஊராக வேலை பார்த்து, பிரெஞ்சுப் போரில் தன்னார்வ மருத்துவராகவும் பணியாற்றி, 1872இல் வோல்ஷ்டைன் என்ற சிற்றூரில் மாவட்ட மருத்துவ அதிகாரியானார். இன்று அந்த ஊர் போலந்து நாட்டில் இருக்கிறது.

வீட்டிலேயே ஆய்வுக்கூடம்

வோல்ஷ்டைனில் பல்கலைக்கழகம் இல்லை, நூலகம் இல்லை, உடன் ஆராய ஒருவரும் இல்லை. பகலில் நோயாளிகளைப் பார்ப்பார். மிச்ச நேரத்தில் வீட்டிலேயே அமைத்துக்கொண்ட சிறு ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியோடு உட்காருவார்.

அந்த வட்டாரத்தில் ஆடுமாடுகளை அடைப்பான் நோய் கொன்றுகொண்டிருந்தது. ஆந்த்ராக்ஸ் என்று நாம் படிப்பது இதைத்தான். செத்த விலங்கின் இரத்தத்தில் கோல் வடிவக் கிருமிகள் இருப்பதை வேறு சிலர் முன்பே பார்த்திருந்தார்கள். அவைதாம் நோய்க்குக் காரணமா, அல்லது நோயால் உண்டானவையா என்பது விளங்கவில்லை. கிருமிகள் இல்லாத பழைய மேய்ச்சல் நிலத்திலும் ஆண்டுகள் கழித்து நோய் திடீரென்று தோன்றியது பெரும் புதிராக இருந்தது.

கோக் செய்த வேலை எளிமையானது, ஆனால் பொறுமை மிகுந்தது. தீயில் சுத்தம் செய்த மரச்சிராயில் நோயுற்ற விலங்கின் இரத்தத்தைத் தொட்டு எலியின் உடலில் செலுத்தினார். எலி இறந்தது, அதன் இரத்தத்திலும் அதே கோல்கள். அதிலிருந்து அடுத்த எலி, அதிலிருந்து அடுத்தது என்று தொடர்ந்தார். பிறகு மாட்டின் கண்ணிலிருந்து எடுத்த தெளிந்த நீரில் கிருமிகளை விலங்குக்கு வெளியே வளர்த்து, நுண்ணோக்கியில் மணிக்கணக்கில் பார்த்தார். கோல்கள் நீண்ட இழைகளாகி, இழைகளுக்குள் மணிகள் கோத்ததுபோல் ஒளிரும் வித்துகள் உருவாயின. புதிருக்கு விடை அங்கே இருந்தது. கோல்கள் எளிதில் மடிந்துவிடும். வித்துகள் வெயிலையும் பனியையும் தாங்கி மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அதனால்தான் காலியாகக் கிடந்த மேய்ச்சல் நிலம் திடீரென்று கொல்கிறது.

1876 ஏப்ரல் இறுதியில் தம் எலிகளையும் கருவிகளையும் எடுத்துக்கொண்டு பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஃபெர்டினாண்ட் கோன் என்ற தாவரவியல் பேராசிரியர் முன் மூன்று நாள் செய்து காட்டினார். கோன் ஒரு சிற்றூர் மருத்துவரின் வேலைதானே என்று தட்டிக்கழிக்கவில்லை. அதே ஆண்டு தம்முடைய ஆய்விதழிலேயே வெளியிட்டார். ஒரு குறிப்பிட்ட கிருமி ஒரு குறிப்பிட்ட நோயை உண்டாக்குகிறது என்பதற்கு முழுமையான முதல் சான்று இதுவே.

உருளைக்கிழங்கிலிருந்து அகார்-அகார் வரை

1880இல் பெர்லினிலுள்ள அரசு சுகாதார அலுவலகத்துக்குக் கோக் அழைக்கப்பட்டார். லோஃப்லர், காஃப்கி ஆகிய இளம் உதவியாளர்கள் கிடைத்தார்கள். இப்போது அவர் எதிர்கொண்ட பிரச்சினை இன்றும் நாம் எதிர்கொள்வதுதான். சூப்புப் போன்ற திரவத்தில் கிருமியை வளர்த்தால் பல வகைகள் கலந்துவிடும். எது குற்றவாளி, எது வழிப்போக்கன் என்று தெரியாது.

வெட்டி வைத்த வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் வெவ்வேறு நிறத்தில் சிறு புள்ளிகள் முளைப்பதைக் கோக் கவனித்தார். திடப்பொருளின் மேல் விழுந்த கிருமி நகர முடியாமல் விழுந்த இடத்திலேயே பெருகுகிறது. ஆகவே ஒரு புள்ளி என்பது ஒரு குடும்பம். உருளைக்கிழங்கில் எல்லாக் கிருமிகளும் வளராது. எனவே சத்துநீரோடு ஜெலட்டினைக் கலந்து கண்ணாடித் தட்டில் உறையவைத்தார். 1881 ஆகஸ்டில் லண்டனில் நடந்த அனைத்துலக மருத்துவ மாநாட்டில் இதைச் செய்து காட்டினார். பிரான்சின் லூயி பாஸ்டரும் அங்கே இருந்தார். பிற்காலத்தில் இருவரும் கடுமையாக மோதிக்கொண்டாலும், அன்று பாஸ்டர் மனமாரப் பாராட்டினார்.

ஜெலட்டினுக்கு ஒரு குறை இருந்தது. மனித உடலின் வெப்பமான 37 பாகையில் அது உருகிவிடும். சில கிருமிகள் அதைத் தின்று கரைத்தும்விடும். இதைத் தீர்த்துவைத்தது ஒரு சமையலறை. கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, கோடையிலும் உருகாத ஜெல்லி செய்யக் கடற்பாசிப் பொருள் ஒன்றைப் பயன்படுத்துவார். நியூயார்க்கில் வளர்ந்த அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய டச்சுக்காரர்கள். அந்தப் பொருள்தான் நம் ஊர்க் கடைகளில் பொட்டலமாகத் தொங்கும் அகார்-அகார். மலாய் மொழிச் சொல் அப்படியே உலகத்து ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. அகார் ஏறத்தாழ 85 பாகையில் உருகும், 40 பாகை அளவுக்குக் குளிர்ந்தால்தான் உறையும். உறைந்த பின் 37 பாகையில் கல்போல் நிற்கும். கோக் தம் 1882ஆம் ஆண்டுக் கட்டுரையில் அகாரைக் குறிப்பிட்டார். ஹெஸ்ஸே தம்பதியர் பெயரைக் குறிப்பிடவில்லை. 1887இல் இன்னோர் உதவியாளரான பெட்ரி மூடியுள்ள வட்டத் தட்டை அமைத்தார். அவர் பெயர் தட்டோடு நிலைத்துவிட்டது. ஃபேனியின் பெயர் எங்கள் பாடநூலில் இல்லை.

மார்ச் 24

அக்காலத்தில் இறப்பவர்களில் ஏழில் ஒருவர் காசநோயால் இறந்தார் என்று கோக் கணக்குக் காட்டினார். அது பரம்பரை நோய், ஏழைகளின் தலைவிதி என்றெல்லாம் பேசினார்கள். காசநோய்க் கிருமியோ மற்றவற்றைப் போல எளிதில் சாயம் ஏற்காது. அதன் மேலுறை மெழுகு போன்றது. கோக் சாயங்களை மாற்றி மாற்றிப் போட்டுக் கடைசியில் மெல்லிய நீல நிறக் கோல்களைக் கண்டார். வளர்ப்பது அதைவிடக் கடினம். மற்றக் கிருமிகள் ஓரிரு நாளில் வளர்ந்துவிடும். இது வாரக்கணக்கில் வளரும். சூடாக்கி உறையவைத்த இரத்த நீரில் அதைக் காத்திருந்து வளர்த்தார்.

1882 மார்ச் 24ஆம் நாள் மாலை பெர்லின் உடலியங்கியல் கழகத்தில் தம் சான்றுகளை மேசைமேல் பரப்பி வைத்துப் பேசினார். அன்று அங்கிருந்தவர்களில் ஒருவரான பால் எர்லிக், சாயமேற்றும் முறையை உடனே மேம்படுத்தினார். அந்த நாளைத்தான் ஒவ்வோர் ஆண்டும் உலகக் காசநோய் நாளாக நினைவுகூர்கிறோம்.

இந்த ஆய்வுகளின் வழியே உருவானவையே கோக்கின் விதிகள். கிருமி ஒவ்வொரு நோயாளியிடமும் இருக்க வேண்டும். அதைத் தனியே பிரித்துத் தூய வளர்ப்பாக வளர்க்க வேண்டும். அந்த வளர்ப்பு நலமான உயிரிக்கு அதே நோயைத் தர வேண்டும். அந்த உயிரியிலிருந்து அதே கிருமியை மீண்டும் எடுக்க வேண்டும். தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் இந்த நான்கும், உண்மையில் சந்தேகத்தின் நான்கு படிகள். ஒன்றைக் கண்டவுடனே நம்பிவிடாதே என்பதே அவற்றின் சாரம்.

கல்கத்தாவின் குளங்கள்

1883இல் எகிப்தில் காலரா பரவியது. கோக் தலைமையில் ஜெர்மன் குழு ஒன்று அலெக்சாந்திரியா சென்றது. பாஸ்டர் அனுப்பிய பிரெஞ்சுக் குழுவும் அங்கே இருந்தது. அக்குழுவின் இளம் ஆய்வாளர் லூயி தூயியே அதே காலராவால் மாண்டார். போட்டியை மறந்து ஜெர்மானியர்கள் அவருடைய இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார்கள்.

எகிப்தில் நோய் தணிந்ததும் கோக் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். 1884 தொடக்கத்தில், சற்றே வளைந்து காற்புள்ளி போல் தோன்றும் கிருமியைத் தூய வளர்ப்பாகப் பிரித்தார். மக்கள் குடிக்கவும் குளிக்கவும் பயன்படுத்திய குளத்திலேயே நோயாளியின் துணிகளும் துவைக்கப்பட்டன. அந்தக் குளத்து நீரிலும் அதே கிருமி இருந்தது. இதே கிருமியை இத்தாலியின் ஃபிலிப்போ பசினி 1854இலேயே நுண்ணோக்கியில் கண்டு எழுதியிருந்தார். எவரும் பொருட்படுத்தவில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. காலராவை விலங்குகளில் உண்டாக்கக் கோக் எவ்வளவோ முயன்றும் மனிதர்களுக்கு வருவதுபோல் அந்நோய் வரவில்லை. ஆகவே தம்முடைய மூன்றாம் விதியைத் தாமே நிறைவேற்ற முடியவில்லை. அந்த இடைவெளியை அடைக்க வழிகாட்டியவர் அதே கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் தே. 1959இல் முயலின் குடலைக் கொண்டு, காலராக் கிருமி வெளியிடும் நஞ்சே நீரிழப்புக்குக் காரணம் என்று காட்டினார்.

1892: ஒரே ஆறு, இரு நகரங்கள்

கோக்கின் வாழ்க்கையில் பயன்முறை நுண்ணுயிரியல் என்று நாம் இன்று படிப்பதன் முழு வடிவம் ஹாம்பர்க்கில்தான் தெரிகிறது. 1892 ஆகஸ்டில் அங்கே காலரா வெடித்தது. சில வாரங்களில் 8,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒட்டியிருந்த ஆல்டோனா நகரில் பாதிப்பு மிகக் குறைவு. இரு நகரங்களையும் பிரித்தது வெறும் தெரு. ஒரு பக்கத்து வீடுகளில் சாவு, எதிர்ப்பக்கத்தில் இல்லை. காற்று ஒன்று, மண் ஒன்று, மக்களும் ஒரே மாதிரிதான். வேறுபாடு குழாயில் இருந்தது.

இரண்டு நகரங்களும் எல்பே ஆற்று நீரையே குடித்தன. ஹாம்பர்க் அதை வடிகட்டாமல் கொடுத்தது. ஆல்டோனாவோ ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு, ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்துதான் நீரை எடுத்தது. ஆனால் மணற்படுகை வழியே மெதுவாக வடித்துக் கொடுத்தது. மணலின் மேற்பரப்பில் படியும் வழுவழுப்பான உயிர்ப்படலமே கிருமிகளைத் தடுக்கிறது. கெட்ட கிருமியை வேறு நுண்ணுயிர்களே பிடித்துவைக்கின்றன. 1893 குளிர்காலத்தில் ஆல்டோனாவிலேயே சிலருக்குக் காலரா வந்தபோது, உறைபனியால் வடிகட்டி ஒன்று ஒழுங்காக வேலை செய்யாமல் போனதைக் கோக் கண்டறிந்தார். காட்டிக்கொடுத்தது தட்டில் எண்ணப்பட்ட பாக்டீரியாக் கணக்கு. ஒவ்வொரு வடிகட்டியின் நீரையும் நாள்தோறும் சோதிக்க வேண்டும், ஒரு மில்லிலிட்டருக்கு 100க்கு மேல் இருக்கக்கூடாது என்ற அளவு இதனால் நடைமுறைக்கு வந்தது. இன்று நாம் ஈ.கோலை போன்ற சுட்டுக் கிருமிகளைத் தேடுகிறோம். ஆனாலும், மக்கள் குடிக்குமுன் எண்ணிப் பார் என்ற அடிப்படை மாறவில்லை.

அப்போதும் நம்பாதவர் இருந்தார். மியூனிக்கின் மூத்த அறிஞர் பெட்டன்கோஃபர், கிருமி மட்டும் நோயைத் தராது என்று காட்ட 1892 அக்டோபரில் காலராக் கிருமி வளர்ப்பைத் தாமே குடித்தார். இலேசான வயிற்றுப்போக்கோடு பிழைத்துக்கொண்டார்! அவர் பிழைத்ததால் கோக்கின் கூற்று பொய்யாகிவிடவில்லை. ஆனால் கிருமி புகுந்தவர் எல்லாருக்கும் நோய் ஒரே மாதிரி வருவதில்லை என்பதை அறிவியல் அதன் பிறகு மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது.

மறைத்து வைத்த மருந்து

இனி எழுதப்போவது, கோக்கை மதிக்கும் எனக்கு எழுதக் கடினமான பகுதி. 1890 ஆகஸ்டில் பெர்லினில் கூடிய அனைத்துலக மருத்துவ மாநாட்டில், காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளைக் கண்டுபிடித்துவிட்டதாக அவர் அறிவித்தார். நவம்பரில் மருந்தும் மருத்துவர்களுக்குக் கிடைத்தது. அதுதான் டியூபர்குலின். ஐரோப்பா முழுவதிலிருந்தும் நோயாளிகள் பெர்லினுக்கு ஓடி வந்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய மருத்துவர் கோனன் டாயிலும் நேரில் பார்க்க வந்து, ஐயத்தோடு திரும்பினார்.

மருந்தில் என்ன இருக்கிறது என்பதைக் கோக் வெளியிடவில்லை. பிற ஆய்வாளர்கள் அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லாமல் போயிற்று. பல நோயாளிகளுக்குக் கடும் காய்ச்சல் வந்தது, சிலர் இறந்தார்கள். ஃபிர்கோ என்ற நோயியல் அறிஞர் பிணப் பரிசோதனை செய்து, மருந்து நோயைத் தணிக்காததோடு உடலுக்குள் பரப்பவும் செய்திருக்கிறது என்று காட்டினார். 1891இல்தான், அது காசநோய்க் கிருமியிலிருந்து கிளிசரினில் வடித்த சாறு என்று கோக் தெரிவித்தார். சந்தேகத்துக்கு நான்கு படி கட்டியவர், தம் சொந்த மருந்துக்கு ஒரு படியையும் கட்டவில்லை.

ஆனால் டியூபர்குலின் வேறு வகையில் பயன்பட்டது. தோலில் சிறிது செலுத்தினால், முன்பு காசநோய்க் கிருமி புகுந்த உடலில் அந்த இடம் தடித்துக் காட்டும். 1907இல் பிர்க்கேயும் 1908இல் மாந்துவும் இதைச் சோதனை முறையாக்கினார்கள். மாந்து சோதனை இன்றும் செய்யப்படுகிறது. நம் கைகளில் தழும்பு விட்ட பி.சி.ஜி. தடுப்பூசியோ பிரான்சின் கால்மெட், கெரின் ஆகியோர் உருவாக்கியது. 1921இல்தான் முதன்முதலில் மனிதருக்குத் தரப்பட்டது. அதற்குள் கோக் மறைந்து பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன.

கடைசி ஆண்டுகள்

1891இல் தொற்றுநோய் ஆய்வு நிலையம் ஒன்று அவருக்காகப் பெர்லினில் அமைக்கப்பட்டது. இன்று ராபர்ட் கோக் நிலையம் என்று வழங்குவது அதன் தொடர்ச்சியே. 1893இல் முதல் மனைவியைப் பிரிந்து, தம்மைவிட மிக இளையவரான ஹெட்விக் என்பவரை மணந்தார். ஊர் பேசியது. இளமையில் ஏங்கிய பயணங்களோ இப்போது வாய்த்தன. தென்னாப்பிரிக்காவுக்கு மாட்டு நோய் ஆராய, பம்பாய்க்குப் பிளேக் ஆராய, ஜாவாவுக்கும் நியூ கினிக்கும் மலேரியா ஆராயப் போனார். 1905இல் காசநோய் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றார்.

1906, 1907இல் கிழக்காப்பிரிக்காவில் தூக்க நோய்க்கு ஆர்செனிக் கலந்த அட்டாக்சில் என்ற மருந்தைக் கொடுத்தார். குணம் தெரியாததால் அளவைக் கூட்டினார். நோயாளிகள் சிலர் பார்வையை இழந்தனர். குடியேற்ற ஆட்சியின் கீழ் இருந்த அந்த மக்களிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்ற எண்ணமே அன்று ஆட்சியாளர்களுக்கு இல்லை. ஆராய்ச்சி அறநெறி என்ற பாடத்தை ஒரு பருவத்துக் கட்டாயப் பாடமாக ஏன் வைத்திருக்கிறார்கள் என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது.

1910 மே 27ஆம் நாள் பாடன் பாடன் நகரில் கோக் மறைந்தார். அவருக்கு 66 வயது. அவரிடம் பயின்ற ஜப்பானியரான கிதசாத்தோ 1889இல் இசிவுநோய்க் கிருமியைத் தூய வளர்ப்பாகப் பிரித்திருந்தார். கோக்கின் மாணவர்களும் உதவியாளர்களும் கிருமி மேல் கிருமியாக அடையாளம் கண்டார்கள். எல்லாருக்கும் கைகொடுத்தது அந்தத் தட்டும் அந்த முறையும்தான்.

நண்பர்களே, படித்து என்ன வேலைக்குப் போவாய் என்று கேட்பவர்களுக்கு இனி நாம் தயங்காமல் சொல்லலாம். நீர் சுத்திகரிப்பு நிலையம், உணவுத் தொழிற்சாலை, மருந்துத் தொழிற்சாலை, மருத்துவமனை ஆய்வுக்கூடம் என்று நாம் போய்ச் சேரும் இடம் எதுவானாலும், ஒரு தட்டில் புள்ளிகளை எண்ணி, அந்த எண்ணை ஓர் அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். ஆல்டோனாவில் யாரோ ஒருவர் அந்த எண்ணை ஒழுங்காக எழுதியதால்தான் பழுதான வடிகட்டி அகப்பட்டது. பெர்லினில் ஒரு மாமேதை மருந்தின் விவரத்தை மறைத்து வைத்ததால் நம்பி வந்தவர்கள் ஏமாந்தார்கள். எண் கூடிவிட்டது, உற்பத்தி நின்றுவிடும், கொஞ்சம் குறைத்து எழுது என்று ஒரு மேலதிகாரி நம்மிடம் சொல்லும் நாள் வரலாம். அன்று நாம் என்ன எழுதுகிறோம் என்பதில், குழாயைத் திறந்து குடிக்கும் முகம் தெரியாத மனிதர்களின் உயிர் இருக்கிறது.